ஏழாம் நம்பர் வண்டிக்கு விக்கல்

ஏழாம் நம்பர் வண்டிக்கு விக்கல் பிடித்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

விக்கல் என்று பெயர் வைத்தவள் தாலாட்டு. தாலாட்டு என்பதும் பட்டப்பெயர்தான். கார் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இன்ஜினைத் தூங்க வைக்கிற வேலை அவளுக்கு. யாரோ விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்து, இப்போது வாசல் காவலாளி வரைக்கும் அவள் தாலாட்டுதான். முப்பத்தொரு வயது. எதையும் நடந்துபோய்ச் செய்து பழக்கமில்லை, ஓடிப்போய்த்தான் செய்வாள்.

சிக்னலில் வண்டி நிற்கிறது, ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்து வைத்திருக்கிறார் என்றால் இன்ஜின் தானாக அணைந்துவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம், புகையும் கிடையாது. பிரேக்கிலிருந்து கால் எழுந்ததும், எழுந்ததா இல்லையா என்று அந்தக் காலுக்கே தெரிவதற்குள், இன்ஜின் மறுபடி ஓட வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் அணையக் கூடாது, ஏ.சி. திணறிக்கொண்டிருந்தால் அணையக் கூடாது, சீட் பெல்ட் போடாவிட்டால் அணையக் கூடாது என்று இப்படி நூற்றுப் பதினோரு விதிகள். எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதியவள் தாலாட்டு. நூற்றுப் பதினொன்றில் அவளுக்குச் செல்லப்பிள்ளை பதினாலாவது விதி. தூங்கி எழுந்த இன்ஜின், வண்டி ஓர் அடிகூட நகராவிட்டாலும், பிரேக்கை மறுபடி மிதித்தால் உடனே மறுபடி தூங்கலாம் என்பது அந்த விதி. மற்ற கம்பெனி வண்டிகள் கொஞ்சமாவது ஓடினால்தான் இரண்டாம் தடவை தூங்கும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது தாலாட்டின் வண்டி மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் கண்ணயரும்.

இப்போது அந்தச் செல்லப்பிள்ளையின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம்.

ஏழாம் நம்பர் வண்டி சிக்னலில் நிற்கும். தூங்கும். மூன்றே விநாடியில் திடுக்கென்று விழிக்கும். தூங்கும். விழிக்கும். 'டுர்… இக்… டுர்… இக்…' என்று பச்சை விளக்கு வரும்வரை இதே கூத்து. வண்டிக்குள்ளிருந்த பதிவுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், பிரேக் அழுத்தத்தைக் காட்டும் கோடு சீப்பின் பல் மாதிரி ஏறி இறங்கியிருந்தது. சென்சாரை மாற்றினாள். வயரை மாற்றினாள். பெடலையே கழற்றி வேறு மாட்டினாள். பட்டறையில் நிறுத்தி நாள் முழுக்க அழுத்திப் பார்த்தாள். வண்டி சமர்த்தாகத் தூங்கியது. மூன்று நாள் ஓட்டுநர் பக்கத்திலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்து ஊரைச் சுற்றினாள். ஒரு விக்கல் இல்லை. நாலாம் நாள் அவள் போகவில்லை. முப்பத்தேழு விக்கல்.

ஓட்டுநரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் உம்மண்ணே. இருபத்தாறு வருடமாகச் சோதனை வண்டி ஓட்டுகிறவர். நாற்பதில் போகச் சொன்னால் வேகம் காட்டும் முள்ளை ஆணி அடித்த மாதிரி நாற்பதில் நிறுத்துவார். எப்போதும் முகத்தை உம்மென்று வைத்திருப்பதால் 'உம்'மும் அண்ணனும் ஒட்டிக்கொண்டு அப்படி ஒரு பெயர். நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து அவர் கொடுக்கும் அறிக்கை இரண்டே வார்த்தை: "போனேன். வந்தேன்." சுவர் சிரித்தது என்று சொன்னால்கூட அங்கே நம்புவார்கள், உம்மண்ணே சிரித்தார் என்றால் நம்பமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை பிரிவுத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். எடுத்ததற்கெல்லாம் கெடு வைப்பதால் அவருக்குக் கெடு சார் என்று பெயர். நல்ல மனுஷர், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்.

"வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு. அதுக்குள்ள விக்கல் நிக்கணும். இல்லேன்னா பதினாலாவது விதியைத் தூக்கிடுவோம்மா."

"சார், விதியில தப்பே இல்ல சார்."

"விதியில தப்பில்ல, வயர்ல தப்பில்ல, பெடல்ல தப்பில்ல. அப்ப யாரு, பேயா?"

தாலாட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அங்கே வண்டிகளின் சாவியும் ராஜ்யமும் பட்டறை அக்கா கையில். இடுப்பில் துணியும் கையில் டயர் காற்று அளக்கும் கருவியுமாக நின்றபடியே கதையைக் கேட்டாள்.

"நீ உக்காந்தா விக்கல. நீ உக்காரலேன்னா விக்குது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அக்கா."

"அப்ப உக்காராத மாதிரி உக்காரு."

அக்காவின் கண் போன திசையில் தாலாட்டின் கண்ணும் போனது. ஏழாம் நம்பர் வண்டியின் பின் சீட்டில் வரிசையாக மூன்று பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆள் மாதிரியே வார்த்த பிளாஸ்டிக் பொம்மைகள். உச்சந்தலையில் மூடியைத் திருகி உள்ளே தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் எழுபது கிலோ. ஆட்கள் நிறைந்த வண்டி எப்படி ஓடும் என்று பார்ப்பதற்காக அவற்றை ஏற்றி வைப்பார்கள். வெயிலில் பிளாஸ்டிக் கெடாமலிருக்கத் தலையோடு கால் சாம்பல் நிறத் துணி உறை.

தாலாட்டுக்குப் பதினெட்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு, ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்த பொம்மையை அக்கா தண்ணீர் வடித்து இழுத்து வெளியே போட்டாள். அந்த இடத்தில் தாலாட்டு ஏறிப் பெல்ட் மாட்டிக்கொண்டாள்.

"எத்தனை கிலோ நீ?"

"அம்பத்திரெண்டு."

"பதினெட்டு குறையுது. சோதனைன்னா சோதனை." அக்கா இரண்டு தண்ணீர் கேன்களை அவள் மடியில் வைத்தாள். பிறகு தலைவழியே உறையை இறக்கிவிட்டாள். "மூச்சு விடலாம். பேச்சு விடாத."

துணி மெல்லியது, வெளியே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஒன்பது மணிக்கு உம்மண்ணே வந்தார். நாலு டயரையும் ஒருமுறை உதைத்துப் பார்த்தார். ஏறினார், கண்ணாடியைச் சரிசெய்தார், பெல்ட் போட்டார், கிளப்பினார். ஒரு வார்த்தை இல்லை. இப்படியே ஒரு மணிக்குத் திரும்பி வரப்போகிறோம், முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம் என்று அவள் நினைத்தாள்.

வண்டி கம்பெனி வாசலைத் தாண்டித் திரும்பியது.

"என்ன மச்சான், ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்றார் உம்மண்ணே.

தாலாட்டுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வண்டியில் வேறு யாரும் இல்லை. அவர் கேட்டது அந்தக் கோடியில் இருந்த பொம்மையை.

"நம்ம சித்தப்பாவைப் பாருங்க, எப்பவும் போல நடுவுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வர்றாரு. ஒரு நாளாவது வாயைத் திறக்கிறாரா?" கண்ணாடியில் அவர் பார்வை நகர்ந்து தாலாட்டின் மேல் வந்து நின்றது. "அத்தை, நீங்க என்ன இன்னிக்கு இளைச்ச மாதிரி இருக்கீங்க? உங்க பொண்ணு பார்த்தா என்னைத்தான் திட்டுவா."

தாலாட்டு உள்ளே உறையின் ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டாள். இருபத்தாறு வருடம் 'போனேன் வந்தேன்' என்று ஒப்பேற்றிய மனுஷர் அருவி மாதிரிக் கொட்டிக்கொண்டு வந்தார். மச்சானிடம் முழங்கால் வலியைச் சொன்னார். சித்தப்பாவிடம் மேல் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்தபடியே விட்டுப்போனதைச் சொல்லி நியாயம் கேட்டார். மாமியாரிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி மரியாதையாகப் பேசினார்.

"சனிக்கிழமைதான் அத்தை. இன்னும் மூணே நாள். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உங்க பொண்ணு ஆசுபத்திரியில ஆண்டு விழா. ஜோடியா ஆடணும்னு பேரைக் கொடுத்துட்டா. நர்ஸுங்க, டாக்டருங்க அத்தனை பேரும் பார்ப்பாங்க. முப்பது வருசமாக் கேக்கிறா, முப்பது வருசமா மாட்டேன்னேன். இந்தத் தடவை வாய் தவறிச் சரின்னுட்டேன்."

முதல் சிக்னல் வந்தது. வண்டி நின்றது, இன்ஜின் அழகாக, பஞ்சு மாதிரி, அணைந்தது. தாலாட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆங், தூங்கிடுச்சு. சித்தப்பா, எண்ணிக்கை பார்த்துக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, இழு. ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு…"

டுர்… இக். டுர்… இக்.

சீட்டின் இடைவெளி வழியாகத் தாலாட்டு குனிந்து பார்த்தாள். உம்மண்ணேயின் வலது காலின் குதிகால் தரையில் ஊன்றியிருந்தது. முன்பாதம் மட்டும் பிரேக்கின் மேல் ஏறி இறங்கியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒவ்வொரு மூணுக்கும் கால் கொஞ்சம் தளர்ந்தது. ஒவ்வொரு தளர்ச்சிக்கும் இன்ஜின் விழித்தது. சீப்பின் பல் அச்சு அசலாக அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா மச்சான், மறுபடி விக்குது," என்று உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார் உம்மண்ணே, கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க. "பாவம் அந்தத் தாலாட்டுப் பொண்ணு. பதினெட்டு நாளா மண்டையை உடைச்சுக்குது. நான் சொல்றேன், அது எழுதின விதியில ஒரு குத்தமும் இருக்காது. தங்கமான மூளை. எங்கேயோ வயர்லதான் கோளாறு."

தாலாட்டுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. இரண்டாவது சிக்னலில் அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார். அடிக்குரலுக்குப் பழகிய தொண்டையில் பெண் குரலில் ஒரு ராகம் எடுத்து, அது நடுவழியில் உடைந்து, செருமி, மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மூன்றாவது சிக்னலில் தோளையும் சேர்த்துக்கொண்டார். நாலாவது சிக்னல் நெடுநேரச் சிக்னல். பாட்டு உச்சத்துக்குப் போனபோது தாலாட்டின் உடம்பு குலுங்கத் தொடங்கியது. அடக்க அடக்க அதிகமானது. மடியில் இருந்த கேன்களில் தண்ணீர் களக் களக் என்று அலைமோதியது.

உம்மண்ணே பாட்டை நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்தார்.

"என்ன அத்தை, வயிறு சரியில்லையா?"

அவ்வளவுதான். அணை உடைந்தது. உறைக்குள்ளிருந்து புறப்பட்ட சிரிப்பில் வண்டியே அதிர்ந்தது.

உம்மண்ணே போட்ட கூச்சல் எதிர் வரிசை வண்டிக்காரருக்கும் கேட்டிருக்கும். கால் துள்ளியது, இன்ஜின் விழித்தது, பழக்கதோஷத்தில் அந்தக் கால் மறுபடி பிரேக்கில் விழுந்தது, இன்ஜின் தூங்கியது. அந்த நேரம் பார்த்துப் பச்சை விளக்கு.

"அண்ணே! நான்தான் அண்ணே! தாலாட்டு!"

பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அவர் எப்படியோ வண்டியைக் கிளப்பிப் பக்கத்தில் இருந்த ஒரு மெத்தைக் கடை வாசலில் ஓரங்கட்டினார். ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நிமிரவே இல்லை. தாலாட்டு உறையை உருவிப்போட்டாள். தலைமுடி எல்லாம் குத்திட்டு நின்றது.

"எங்கேர்ந்து கேட்டீங்க மேடம்?"

"வாசல்லேர்ந்து அண்ணே."

"மச்சான்னு கூப்பிட்டது?"

"கேட்டேன்."

"பாட்டு?"

"மூணு தடவை."

அவர் காது மடல் சிவந்தது. தாலாட்டு முன் சீட்டுக்குத் தாவி வந்து மடிக்கணினியைத் திறந்து பதிவைக் காட்டினாள். இது நீங்கள் எண்ணிய ஒண்ணு, இது ரெண்டு, இது மூணு என்று பல் பல்லாகத் தொட்டுக் காட்டினாள். அவர் முகத்திலிருந்து வெட்கம் வடிந்து பயம் ஏறியது.

"அப்ப நானா? உங்களைப் பதினெட்டு நாளா வதைச்சது நானா? எழுதிக் கொடுத்துடுங்க மேடம். ஓட்டுநர் தப்புன்னே எழுதுங்க. இருபத்தாறு வருசத்துல ஒரு கீறல் கிடையாது, இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

"என்ன அண்ணே பேசுறீங்க!" தாலாட்டுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், சீட்டில் உட்கார்ந்தபடியே குதித்தாள். "உங்க காலு ஒண்ணுதானா ஆடும்? ரேடியோவுல பாட்டு போட்டா யாருக்குக் காலு சும்மா இருக்கும்? அவசரத்துல இருக்கிறவனுக்குக் காலு ஆடும், சண்டை போட்டுட்டு வந்தவனுக்கு ஆடும், காதலிக்கிறவனுக்கு ஆடும். வண்டி வெளிய போயிருந்தா ஊர்ல பாதி வண்டிக்கு விக்கல் வந்திருக்கும் அண்ணே. நீங்க காப்பாத்தியிருக்கீங்க!"

உம்மண்ணே நம்பாமல் அவளைப் பார்த்தார். பிறகு, அவள் வாழ்நாளில் முதல் முறையாக, அவருடைய மேல்வரிசைப் பல் தெரிந்தது.

"ஒரே ஒரு வேண்டுகோள் மேடம். மச்சான், சித்தப்பா விவகாரம் மட்டும்…"

"எந்த மச்சான்? எந்தச் சித்தப்பா?" என்றாள் தாலாட்டு.

திரும்பி வந்ததும் பட்டறை வாசலிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். இன்ஜின் சட்டென்று விழிக்க வேண்டும் என்ற ஆசையில், கால் லேசாகத் தளர்ந்தாலே எழுப்பிவிடும்படி அவள்தான் எழுதியிருந்தாள். தளர்கிற கால் வேறு, விலகுகிற கால் வேறு. ஆடுகிற பாதம் எவ்வளவு துள்ளினாலும் பெடலை முழுசாக விடுவதில்லை. கிளம்புகிற பாதம் கடைசிவரை விட்டுவிடுகிறது. அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு எழுப்பினால் போதும். மூன்று வரி. மூன்றே வரி எழுத இரண்டு மணி நேரமும், அது மற்ற விதிகளோடு சண்டை போடாமல் பார்த்துக்கொள்ள மறுநாள் முழுவதும் ஆனது. பதினாலாவது விதியை அவள் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கெடு சாரிடம் போய் நின்றாள்.

"காரணம் என்ன?"

"ஓட்டுநரோட காலு தாளம் போடுது சார். தாளத்துக்கு எழுந்துக்காம பண்ணிட்டேன்."

"யார் காலு? அவர் காலா?" கெடு சார் ஜன்னல் வழியாக உம்மண்ணேயைப் பார்த்தார். வண்டி பக்கத்தில் அவர் நட்டு வைத்த கம்பம் போல் நின்றிருந்தார். "நான் கண்ணால பார்க்கணும்மா."

பத்தரைக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் ஒரு கோடியில் கெடு சார், நடுவில் ஒரு பொம்மை, மறுகோடி காலி. முன்னால் தாலாட்டு, மடிக்கணினியோடு. வாசலைத் தாண்டித் திரும்பியதும் உம்மண்ணே கண்ணாடியைப் பார்த்து, "என்ன சித்தப்பா…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னையா சொன்னீங்க?" என்றார் கெடு சார்.

"இல்லீங்க சார். தொண்டை."

முதல் சிக்னல். இன்ஜின் தூங்கியது. தாலாட்டு ஓரக்கண்ணால் கீழே பார்த்தாள். கால் பிரேக்கில் பாறை மாதிரி இருந்தது.

"ஆடுங்க அண்ணே," என்று கிசுகிசுத்தாள்.

"வரல மேடம். சார் இருக்காரு."

இரண்டாவது சிக்னல், மூன்றாவது சிக்னல். கால் அசையவில்லை. நெற்றியில் வியர்வை மட்டும் ஓடியது. தாலாட்டு வாயாலேயே ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிப் பார்த்தாள்; அவளுக்குத் தாளம் என்பது பிறவியிலேயே கிடையாது, ரெண்டுக்குப் பிறகு நாலு வந்தது.

"அவர் ஆடலேன்னா விக்கலும் இல்ல, தீர்வும் இல்ல," என்றார் கெடு சார். "மணி பதினொண்ணு பத்து."

தாலாட்டு யோசித்தாள். "அண்ணே, அண்ணி எந்த ஆசுபத்திரி?"

"மேடம், வேண்டாம்…"

"அடுத்த தெருதானே? நம்பரைச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது, கட்டுப் போடும் அறையிலிருந்து நர்ஸ் அண்ணி ஓட்டமும் நடையுமாக வந்தாள். உருண்டையான உடம்பு, சட்டைப் பையில் கத்தரிக்கோலும் பஞ்சுச் சுருளும். பின்னாலேயே யாரோ, "அரை மணிதான் அக்கா!" என்று கத்தினார்கள். தாலாட்டு பின் சீட்டுக்குப் போனாள். அண்ணி முன்னால் ஏறி உட்கார்ந்து பெல்டை இழுத்து மாட்டினாள்.

"காலு வரலேன்னா சொல்றாரு? சமையல்கட்டுல மூணு வாரமா எனக்கு நிக்க இடமில்ல, அங்க அப்படி வருது. இங்க மட்டும் வராதா? கையைக் கொடுங்க."

"சார் பின்னால இருக்காருடி."

"இருக்கட்டுமே. நாளைக்கு இருநூறு பேர் முன்னால இருப்பாங்க."

அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும் அண்ணி அவர் இடது கையைப் பிடித்துத் தன் முழங்கால் மேல் வைத்துத் தட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, இழு…" உம்மண்ணே கண்ணை மூடித் திறந்தார். அவர் உதடு முணுமுணுத்தது. கால் ஆடத் தொடங்கியது.

தாலாட்டு மடிக்கணினியைத் தூக்கிக் கெடு சார் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிரேக் கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. இன்ஜின் அசையவில்லை. அத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் ஆழ்ந்த தூக்கம். பச்சை விழுந்தது, கால் முழுசாக எழுந்தது, இன்ஜின் துள்ளி எழுந்து ஓடியது.

"இன்னொரு தடவை," என்றார் கெடு சார்.

இன்னொரு தடவை. அதற்கு அடுத்ததிலும். ஆறாவது சிக்னலில் உம்மண்ணே வாய்விட்டே பாடினார். அண்ணி சரணத்தை எடுத்துக்கொண்டாள். தாலாட்டு திரையிலிருந்து நிமிர்ந்தபோது, கெடு சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பொம்மையின் முழங்காலில் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தாலாட்டு பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி போட்டார்.

அண்ணியை இறக்கிவிடத் திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. முன்னால் இவர்கள் வண்டிதான். சரக்கு ரயில், தூரத்தில் முகம் மட்டும் தெரிந்தது, வால் எந்த ஊரில் இருந்ததோ. வண்டி நின்றது, இன்ஜின் தூங்கியது, எங்கும் அமைதி.

"ஆட்டத்துல அந்தத் திருப்பம் மட்டும் உங்களுக்கு இன்னும் சரியா விழல," என்றாள் அண்ணி, வெளியே பார்த்தபடி. "இங்க நல்ல இடமிருக்கு. இறங்குங்க."

"வேலை நேரம்டி!"

"இன்ஜினே தூங்குது. உங்களுக்கென்ன வேலை?"

உம்மண்ணே கண்ணாடியில் கெடு சாரைப் பார்த்தார். கெடு சார் ரயிலைப் பார்த்தார்.

"அம்பது பெட்டியாவது இருக்கும்," என்றார். "இறங்குங்களேன்."

உம்மண்ணே கியரைப் 'பார்க்'கில் போட்டுப் பெல்டைக் கழற்றிக் கதவைத் திறந்தார். உடனே வண்டிக்குள் மணி டிங் டிங் என்று அடித்தது. 'ஓட்டுநர் இல்லை, இன்ஜின் தானாக ஓடாது' என்று திரையில் எழுத்து ஓடியது. "அறுபத்து மூணாவது விதி!" என்று தாலாட்டு கத்தினாள். "தெருவுல இன்னிக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன்! வேலை செய்யுது சார், வேலை செய்யுது!" யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

தண்டவாளத்தை ஒட்டிய மண் தரையில் உம்மண்ணேயும் அண்ணியும் கைகோத்து நின்றார்கள். ரயில் தடதடவென்று பக்கத்தில் ஓடியது, அதுவே தாளம். ஒண்ணு, ரெண்டு, மூணு, இழு. முதல் திருப்பத்தில் அவர் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமும் போய் முட்டிக்கொண்டார்கள். இரண்டாவதில் அவர் செருப்பு ஒன்று பறந்து போனது. பின்னால் நின்ற பஸ்ஸின் ஜன்னல் எல்லாம் தலைகள். பஸ் ஓட்டுநர் ஹாரனில் தாளம் சேர்த்தார். மூன்றாவது தடவை, ஒற்றைச் செருப்போடு, உம்மண்ணே குதிகாலில் சுழன்றார் பாருங்கள், இருபத்தாறு வருடம் முள்ளை நாற்பதில் நிறுத்திய அதே நிதானத்தோடு, ஒரு மயிரிழை பிசகாமல் வந்து அண்ணியின் முகத்துக்கு நேரே நின்றார். பஸ்ஸில் கைதட்டல் கிளம்பியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். "முப்பது வருசம்," என்றாள். "முப்பது வருசம் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

கேட் திறந்துவிட்டது. எல்லா வண்டியும் ஒன்றாக ஹாரன் அடிக்க, உம்மண்ணே செருப்பைத் தேடி ஓடினார், அண்ணி அவரைத் தேடி ஓடினாள். தாலாட்டு ஓட்டுநர் சீட்டுக்குப் பாய்ந்து உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்த இருவரையும் ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினாள். மணி பன்னிரண்டே கால். கெடு தாண்டிவிட்டதை முதலில் கவனித்தவர் கெடு சார்தான். "இன்னிக்கு ஒரு மணின்னு வச்சுக்குவோம்," என்றார். பதினாலாவது விதி பிழைத்தது.

சனிக்கிழமை மாலை ஆஸ்பத்திரி மண்டபத்தில் ஏழாவது ஜோடியாக ஆடினார்கள். உம்மண்ணே ஒரு இடத்தில் தப்பான பக்கம் திரும்பினார். அதற்குத்தான் அதிகக் கைதட்டல். பரிசு எலும்பு முறிவுப் பிரிவு டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் போனது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பட்டறை அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் குழந்தைகள் பிரிவில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டதாகப் புகார் வந்தது.

பிறகு எல்லோரும் ஆடலாம் என்று அறிவித்தார்கள். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த தாலாட்டை நர்ஸ் அண்ணி வந்து பிடுங்கிக்கொண்டு போனாள். "எனக்குத் தாளமே வராது அண்ணி!" "வராட்டி என்ன, காலு இருக்கில்ல?" ஒண்ணு, ரெண்டு, நாலு என்று தாலாட்டு சுழன்றாள். கெடு சாரின் காலை மிதித்தாள், மன்னிப்புக் கேட்கத் திரும்பி ஒரு டாக்டரின் காலையும் மிதித்தாள், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. விளக்குகளும் முகங்களும் மண்டபத்தின் கூரையும் அவளைச் சுற்றிச் சுழன்றன. நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.